எவர்சில்வரும் துருப்பிடிக்கும்!



மலருக்குத் தொழில்நுட்பக் கட்டுரை வேண்டும் என்றதும் நண்பர்கள் ஆளுக்கொரு பெரிய தலைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு ரோபோ, ஒருவருக்கு மின்சாரக் கார், செயற்கை நுண்ணறிவுக்கு இரண்டு பேர் போட்டி! எனக்கு மிஞ்சியது மெஸ் அடுப்படிதான். சிரிக்க வேண்டாம். மெட்டலர்ஜி பாடத்தில் நாம் விழுந்து விழுந்து படிப்பதில் பாதிக்கு மேல் அந்தச் சோற்று அண்டாவின் அடியில் கிடக்கிறது.

தட்டு, டம்ளர், சாம்பார் வாளி, இட்லிக் கொப்பரை, பரிமாறும் மேசை, கழுவும் தொட்டி எல்லாமே எவர்சில்வர். "எவர்சில்வர்தானே, அதுக்கு என்ன ஆகப்போகுது?" என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆகத்தான் செய்கிறது. தொட்டியின் மூலையில் ஊசி குத்தினது போல ஓட்டை விழுந்து தண்ணீர் கசியும். அண்டாவின் அடியில் கடுகு அளவுக்குப் பள்ளம் பள்ளமாக வரும். தட்டு விளிம்பில் பழுப்புப் புள்ளி தெரியும். அப்புறம் புதுசு வாங்குவார்கள். அந்தக் காசு மெஸ் பில்லில் ஏறி நம்ம தலையில்தான் விடியும். ஆகவே விஷயத்துக்கு வருவோம்.

முதலில் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. 'எவர்சில்வர்' என்கிறோம், அதில் வெள்ளி ஒரு பொட்டு கூடக் கிடையாது. 'ஸ்டெயின்லெஸ்' என்கிறோம், கறையே படியாது என்று அர்த்தம். அதுவும் முழு உண்மை இல்லை. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரயர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் தேய்ந்து போவதைத் தடுக்க உருக்கில் குரோமியம் சேர்த்துப் பார்த்தார். அந்த உருக்கை அமிலம் எளிதில் அரிக்கவில்லை. அவர் அதற்கு வைத்த பெயர் 'துரு இல்லாத உருக்கு'. அதே ஊரில் கத்தி செய்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்பவர் வினிகரில் போட்டுப் பார்த்துவிட்டு 'ஸ்டெயின்லெஸ்' என்றார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மனியில் க்ருப் கம்பெனிக்காரர்கள் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்த உருக்குக்கு 1912-லேயே காப்புரிமை எடுத்திருந்தார்கள். இன்று நம்ம அடுப்படியில் இருக்கும் நல்ல ரகப் பாத்திரம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம்ம மாநிலத்திலேயே 1980-களின் தொடக்கத்திலிருந்து சேலம் உருக்காலையில் இந்தத் தகடு உருட்டப்படுகிறது.

கண்ணுக்குத் தெரியாத சட்டை

இரும்பில் குரோமியம் சுமார் 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒரு அதிசயம் நடக்கிறது. மேல்பரப்பில் உள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமியம் ஆக்சைடு படலமாகிறது. அதன் தடிமன் இரண்டு மூன்று நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்! இரும்பின் துரு பொலபொலவென்று உதிர்ந்து, கீழே உள்ள இரும்பைத் திரும்பவும் காற்றுக்குக் காட்டிக் கொடுத்துவிடும். இந்தப் படலம் அப்படி இல்லை. நெருக்கமாக ஒட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிடும். இதைத்தான் புத்தகத்தில் 'பாஸிவ் ஃபிலிம்' என்று போட்டிருக்கிறான். நான் சட்டை என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்தச் சட்டை கிழிந்தால் தானே தைத்துக்கொள்ளும். லேபுக்குப் போக வேண்டாம், வீட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. அம்மா கல்யாணத்துக்கு வந்த குடத்தையோ தூக்குவாளியையோ எடுத்துப் பாருங்கள். இன்னார் கொடுத்தது என்று பேரும் தேதியும் வெட்டியிருக்கும். பேர் வெட்டும்போது ஊசிமுனை அந்தப் படலத்தைப் பிய்த்துக்கொண்டு உலோகத்துக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. முப்பது வருஷம் ஆனபிறகும் அந்த எழுத்தில் துரு இல்லை. வெட்டின உடனேயே காற்றுப்பட்டுப் புதுப் படலம் மூடிவிட்டது. இரும்பு வாளியில் பேர் வெட்டியிருந்தால் அடுத்த மழைக்காலத்திலேயே எழுத்து செம்பட்டையாகியிருக்கும்.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. எவர்சில்வரைக் காப்பாற்றுவது சோப்பு அல்ல, காற்று. அழுக்கில்லாமல், ஈரமில்லாமல், காற்றுப்படும்படி வைத்தால் மிச்ச வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது குறுக்கே நிற்காமல் இருப்பதுதான். ஆனால் நம்ம கை சும்மா இருப்பதில்லையே!

பித்தளைக்குப் பழகின கை

நாஞ்சில் நாட்டு ஆக்குப்புரையில் ஒரு காலத்தில் வெண்கல உருளியும் செம்பு அண்டாவும் பித்தளைச் சருவமும்தான் ராஜா. அவற்றை எப்படித் தேய்ப்பார்கள்? புளியும் உப்பும் சேர்த்து, சாம்பலோ செங்கல் பொடியோ தொட்டு, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்ப்பார்கள். பித்தளைக்கு அது சரியான வைத்தியம். கறுத்துப்போன மேல்தோலை அமிலம் கரைக்கும், உப்பு அதற்குத் துணை போகும், பொடி சுரண்டும். கீழே இருந்து புது உலோகம் பளபளவென்று வரும். பித்தளையின் பளபளப்பு தோலை உரித்தால் வருவது. எவர்சில்வரில் தோல்தான் பளபளப்பு, தோல்தான் காவல். அதை உரிக்கக் கூடாது.

பாத்திரம் மாறிவிட்டது, கை மாறவில்லை. பாட்டி செய்ததைத்தான் அம்மா செய்தாள். அம்மா செய்ததைத்தான் மெஸ் அக்கா செய்கிறார்கள். புளிக்குப் பதிலாக ஆசிட் வந்தது, செங்கல் பொடிக்குப் பதிலாக இரும்பு நார் வந்தது. ஆகக் கூடி, சாமான் இன்னும் மூர்க்கமாகிவிட்டது, அவ்வளவுதான்!

உப்பு என்னும் உள்ளூர்ப் பகைவன்

இந்தச் சட்டையைக் கிழிப்பதில் முதல் ஆள் குளோரைடு. சாப்பாட்டு உப்பு, பிளீச்சிங் பவுடர், கக்கூஸ் கழுவும் ஆசிட் மூன்றும் வேறு வேறு கடையில் விற்றாலும் உள்ளே இருப்பது இந்தப் பயல்தான். நம்ம பக்கத்தில் உப்புக்குப் பஞ்சமே இல்லை. புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்கள் பக்கத்தில். கடல் காற்று இலவசம். கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1-ல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலையே கருங்கல்தான். அதற்கே உப்புக் காற்றால் தொல்லை வந்து, சில வருஷத்துக்கு ஒருமுறை காகிதக் கூழ் ஒட்டி உப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு ரசாயனம் பூசுகிறார்கள். கல்லுக்கே அந்தக் கவனிப்பு என்றால் ஒரு மில்லிமீட்டர் தகடு எம்மாத்திரம்?

குளோரைடு படலம் முழுவதையும் ஒரேயடியாகக் கரைப்பதில்லை. பலவீனமான ஒரு புள்ளியைப் பார்த்து உள்ளே நுழையும். நுழைந்த இடத்தில் சின்னப் பள்ளம் விழும். பள்ளத்துக்குள் ஆக்சிஜன் சரியாகப் போகாது, ஆகவே படலம் திரும்ப உண்டாக முடியாது. உள்ளே கரைந்த உலோகம் தண்ணீரோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். வெளியிலிருந்து மேலும் குளோரைடை இழுக்கும். வெளியே இருக்கும் பெரிய பரப்பு கேத்தோடு, உள்ளே ஊசிமுனை அளவு இடம் ஆனோடு. பெரிய கேத்தோடும் சின்ன ஆனோடும் சேர்ந்தால் ஆனோடு என்ன கதிக்கு ஆளாகும் என்று கெமிஸ்ட்ரியில் படித்ததுதானே! ஒருதரம் ஆரம்பித்தால் பள்ளம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். இதுதான் 'பிட்டிங்'. மேலே பார்த்தால் கடுகு, உள்ளே பார்த்தால் கிணறு.

அடுப்படியில் இது நடக்கும் இடங்கள் நம்ம கண்முன்னாலேயே இருக்கின்றன. பச்சைத் தண்ணீர் வைத்த அண்டாவில் ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போடுவார்கள். அது உடனே கரையாது. அடியில் போய் உட்காரும். உட்கார்ந்த இடத்தில் உப்பின் செறிவு மற்ற இடத்தைவிடப் பல மடங்கு. கீழே அடுப்பு வேறு. கொஞ்ச நாளில் அடியெல்லாம் வெள்ளைப் புள்ளி, அப்புறம் பள்ளம். தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கிண்டிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. இதற்கு ஒரு பைசா செலவு இல்லை. அதேபோல மிஞ்சின புளிக்குழம்பையும் ஊறுகாயையும் ராத்திரி முழுக்க எவர்சில்வரில் வைக்க வேண்டாம்; மண் சட்டியோ பீங்கானோ கண்ணாடியோ போதும்.

அடுத்தது பிளீச்சிங் பவுடர். கிருமி சாக வேண்டும் என்று தொட்டிக்குள் ஒரு கை அள்ளிப் போட்டு இரவு முழுக்க ஊறவிடுவதை ஒரு கல்யாண மண்டபத்தில் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். புது பவுடரில் கிடைக்கும் குளோரின் ஏறக்குறைய 33 சதவீதம். 10 லிட்டர் தண்ணீரில் 3 கிராம் போட்டாலே ஒரு கிராம் குளோரின். அதாவது 100 பி.பி.எம். பாத்திரத்தைக் கிருமிநீக்கம் செய்ய அது போதும். 200 பி.பி.எம். தாண்டவே வேண்டாம். 3 கிராம் என்பது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. 10 லிட்டருக்கு ஒரு கை, அதாவது நூறு கிராம் போட்டால் 3,300 பி.பி.எம்.! கிருமியோடு தொட்டியும் சாகும். போடுவதானால் தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுத்து, சில நிமிடங்கள் வைத்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். என்னைக் கேட்டால் பவுடரே வேண்டாம் என்பேன். கொதிக்கும் தண்ணீர் மெஸ்ஸில் எந்நேரமும் இருக்கிறது. 77 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில், சுத்தமாகக் கழுவின பாத்திரத்தை அரை நிமிடம் முக்கி எடுத்தால் கிருமிநீக்கம் ஆகிவிடும். சூடான பாத்திரம் தானே சீக்கிரம் காய்ந்தும் போகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

மூன்றாவது, ஆசிட். தரை கழுவ விற்கும் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எவர்சில்வருக்கு இதைவிடக் கெட்ட எதிரி அடுப்படியில் இல்லை. நேராக ஊற்றுவது மட்டும் இல்லை. தரையில் ஊற்றினால் ஆவி எழும்பி மேசைக் காலிலும் தொட்டியின் அடிப்பக்கத்திலும் படியும். "மேலே பளிச்சுன்னு இருக்கு, கீழே மட்டும் எப்படித் துரு வந்தது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் படியுங்கள். பிளீச்சிங் பவுடர் தூவின இடத்தில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கண் எரியும், தொண்டை கமறும், மூச்சு முட்டும். மூடின அறையாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. முதலாம் உலகப் போரில் 1915-ல் போர்க்களத்தில் திறந்துவிட்ட அதே வாயு. நான் சொன்ன மண்டபத்தில், வாசலில் தூவின பவுடரோடு உள்ளே ஆசிட் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்த ஒரு அக்கா வெளியே ஓடி வந்து மதில் ஓரம் குனிந்து நின்று இருமினதைப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல மக்ளே, தெனமும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டார்கள். தினமும்! பாத்திரத்துக்கு வரும் கேடு பிறகு. முதலில் இதை நிறுத்த வேண்டும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்கக் கூடாது.

மயிலாடிப் புள்ளி

எங்க ஊர் மயிலாடி. கல் சிற்பத்துக்குப் பேர்போன ஊர் என்பதால் விடிந்தால் உளிச் சத்தம்தான். ரோட்டோரம் போனால் பாதி முடிந்த பிள்ளையாரும் நந்தியும் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பட்டறை ஒட்டின வீடுகளில் ஒரு புகார் அடிக்கடி வரும். "புது எவர்சில்வர், கடைக்காரன் ஏமாத்திட்டான், ஒரு வாரத்துல துரு பிடிச்சிருக்கு பாரு!" தேய்த்து வெளியே கவிழ்த்துக் காயவைத்த தட்டில் ஊசிமுனை ஊசிமுனையாகப் பழுப்புப் புள்ளி.

கடைக்காரன் பாவம்! அந்தத் துரு தட்டுடையது இல்லை. உளியைச் சாணைச் சக்கரத்தில் தீட்டும்போது பறக்கிற பொறி இருக்கிறதே, அது எரியும் இரும்புத் துகள். அது ஈரத் தட்டில் வந்து ஒட்டிக்கொண்டு, தான் துருப்பிடித்துத் தட்டுக்குக் கெட்ட பேர் வாங்கித் தருகிறது. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து அழுத்தித் தேய்த்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவினால் போய்விடும். போன பிறகு நகத்தால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் வெளியிலிருந்து வந்த இரும்பு. நகம் குழியில் தட்டினால் அது பிட்டிங், அதற்கு எலுமிச்சம்பழம் மருந்து இல்லை.

உளிப் பட்டறை இல்லாத ஊரிலும் இதே புள்ளி வரும். காரணம், இரும்பு நார். பெட்டிக் கடையில் தொங்கும் கம்பிச் சுருளில் சாதா இரும்பு ரகம் நிறைய. அது தேய்க்கும்போது உடைந்து, துணுக்கு எவர்சில்வரின் கீறலுக்குள் புதைந்துவிடும். மறுநாள் துரு. போதாக்குறைக்கு அந்தத் துணுக்கு சோற்றிலும் வரும். பல்லில் கடிபட்டவர்கள் நம்ம விடுதியிலேயே உண்டு. பச்சைத் தேய்ப்பானிலும் சபீனா மாதிரிப் பொடிகளிலும் இரும்பு இல்லை, ஆனால் உராயும் பொருள் உண்டு. ஆகவே எண்ணெய்ப் பிசுக்கான அண்டாவின் வெளிப்பக்கத்துக்கு அவை சரி. கண்ணாடி போன்ற பாலிஷ் இருக்கும் தட்டுக்கு வேண்டாம். மேசை, தொட்டி போன்றவற்றில் ஒரே திசையில் மெல்லிய கோடு இருக்கும். அந்தக் கோட்டோடு தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும், கீறலில் அழுக்கு தங்கும். தினசரிக்கு நம்ம தேங்காய் நாரும் சோப்புத் தண்ணீரும் போதும். தேங்காய் நாரைவிட எவர்சில்வர் கடினம். என்ன அழுத்தினாலும் கீறாது. சொல்லப்போனால் பாட்டி கையில் இருந்ததில் மாற்றாமல் வைத்துக்கொண்டிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

காந்தம் சொல்வது பாதி உண்மை

பாத்திரக் கடைக்குக் காந்தத்தோடு போகும் புத்திசாலிகள் உண்டு. ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் ஒசத்தி என்பது அவர்கள் சித்தாந்தம். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய ஒரு ரூபாய் நாணயத்தை எடுங்கள். 1992-ல் வந்த அந்த ரகம் 83 சதவீதம் இரும்பும் 17 சதவீதம் குரோமியமும் சேர்ந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தத்தில் நன்றாக ஒட்டும்! எத்தனை ஆயிரம் வியர்வைக் கைகள் மாறியும் துருப்பிடிக்கவில்லை. ஆக, ஒட்டினால் நிக்கல் இல்லாத ஃபெரிட்டிக் ரகமாக இருக்கலாம், அவ்வளவுதான்.

ஒட்டாதது எல்லாம் 304-ம் இல்லை. 304 என்பது 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நிக்கல் விலை கூடுதல். ஆகவே நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டின 200 வரிசைத் தகடு சந்தையில் நிறைய ஓடுகிறது. அதிலும் காந்தம் ஒட்டாது! விலை குறைவு, குரோமியமும் பெரும்பாலும் குறைவு, உப்பைத் தாங்கும் சக்தியும் குறைவு. தட்டு, டம்ளருக்கு அது பரவாயில்லை. தினமும் உப்பும் புளியும் கொதிக்கிற அண்டாவுக்கும் தொட்டிக்கும் 304 வேண்டும். மாலிப்டினம் சேர்ந்த 316 இன்னும் நன்றாக உப்பைத் தாங்கும். ஆனால் மெஸ்ஸுக்கு அது ஆடம்பரம், அந்தக் காசுக்கு இரண்டு வேளை சாம்பாரில் பருப்பைக் கூட்டலாம். எவர்சில்வர் பாத்திரங்களுக்கென்றே ஐ.எஸ். 14756 என்ற இந்தியத் தர எண் உண்டு. மொத்தமாக வாங்கும்போது அந்த முத்திரையைப் பார்த்து, பில்லில் கிரேடையும் எழுதி வாங்குவது நல்லது. நல்ல 304 தகட்டிலும் வளைத்து இழுத்த மூலையில் காந்தம் லேசாக ஒட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அழுத்தி உருமாற்றும்போது உள் அமைப்பு கொஞ்சம் மார்ட்டென்சைட்டாக மாறுவதால் அப்படி.

கரி, வெள்ளைப் பூச்சு, வானவில்

மெஸ் மாஸ்டருக்கு நிரந்தரத் தலைவலி அடிப்பிடித்தல். அதற்குக் காரணம் மாஸ்டர் மட்டும் இல்லை, உலோகமும்தான். வெப்பத்தைக் கடத்தும் திறனில் செம்பு 400 என்றால் அலுமினியம் 200-க்கு மேல். 304 எவர்சில்வர் வெறும் 16! நெருப்புப் படும் இடம் மட்டும் சூடேறி, பக்கத்துக்குப் பரவாமல் அங்கேயே பருப்பைக் கரியாக்கிவிடும். அடிகனமான பாத்திரம், மிதமான தீ, இடைவிடாமல் கிண்டுவது என்று மூன்றும் வேண்டும். பிடித்துவிட்டால் கத்தியாலோ சட்டுவத்தாலோ சுரண்டாமல், கரி மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு ஆறவிடுங்கள். கரி தோலோடு கழன்று வரும்.

போர் தண்ணீர் கொதிக்கும் இட்லிக் கொப்பரையில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. அதைச் சோப்பு ஒன்றும் செய்யாது. தேய்த்தால் கைதான் நோகும். இதற்குத்தான் மெஸ்ஸில் ஆசிட்டைத் தேடுகிறார்கள். கடையில் 'எலுமிச்சை உப்பு' என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலம் லிட்டருக்கு இரண்டு மூன்று ஸ்பூன் போட்டு வெதுவெதுப்பாக அரை மணி நேரம் வைத்தால் நுரைத்துக்கொண்டு கரைந்துவிடும். பேரில் உப்பு இருந்தாலும் அதில் குளோரைடு இல்லை. படலத்துக்கு நல்லதே செய்யும். தொழிற்சாலைகளிலேயே பாஸிவேஷனுக்கு நைட்ரிக் அமிலத்துக்குப் பதிலாக இதைப் பயன்படுத்துகிறார்கள். வெறும் பாத்திரத்தைச் சூடாக்கினால் வரும் வானவில் நிறம் அழுக்கு இல்லை. ஆக்சைடு படலம் சூட்டில் தடித்து ஒளியைப் பிரித்துக் காட்டுகிறது. சோப்புக் குமிழியில் வருவது போல. கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்தால் போகும், போகாவிட்டாலும் சாப்பாட்டுக்குக் கெடுதல் இல்லை. புதுப் பாத்திரத்தின் ஸ்டிக்கரைக் கத்தியால் சுரண்டும் பழக்கமும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவி ஒரு மணி நேரம் விட்டால் பசையோடு வரும்.

கழுவின பிறகு நடப்பதுதான் பலருக்கும் தெரியாதது. ஈரத்தோடு டம்ளருக்குள் டம்ளர், தட்டின் மேல் தட்டு என்று அடுக்கிவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் மாட்டிக்கொள்ளும், காற்று போகாது. காற்று இல்லாவிட்டால் சட்டை கிழிந்தால் தைக்க ஆள் இல்லை! இடுக்கில் அரிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். கம்பித் தாங்கியில் சாய்த்து வைத்துக் காயவிட்டு, காய்ந்த பிறகு அடுக்கினால் போதும். தாங்கி செய்வது நம்ம ஃபிட்டிங் ஷாப்பில் ஒருநாள் வேலை.

மெஸ் அக்காவிடம் ஒருதரம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான் தம்பி. முந்நூறு தட்டு. நீங்க தின்னுட்டு அப்படியே காயப் போட்டுட்டுப் போயிருவீங்க. காஞ்ச குழம்ப நார் போட்டுத் தேச்சா எங்க கை போயிரும்லா? அதான் ஆசிட்டு" என்றார்கள். விரலைக் காட்டினார்கள், நகக்கண் எல்லாம் வெடித்திருந்தது. மேற்கொண்டு பேச எனக்கு வாய் வரவில்லை. கழுவும் இடத்தில் சோப்புத் தண்ணீர் நிரப்பின ஒரு பெரிய தொட்டி வைத்து, சாப்பிட்டவுடன் எச்சிலை வழித்துவிட்டு அதில் தட்டை நாமே போட்டுவிட்டால் ஆசிட்டுக்கு வேலை பாதியாகக் குறையும். கையுறை இரண்டு ஜோடியும் யூனியன் நிதியில் வாங்கிக் கொடுக்கலாம். மெஸ் கமிட்டி நண்பர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டுதரம் படிக்கவும்.

வெல்டிங் ஷாப் நண்பர்களுக்கு

கடைசியாக நம்ம வேலை. கைப்பிடி உடைந்த வாளி, ஓட்டை விழுந்த தொட்டி எல்லாம் வெல்டிங் ஷாப்புக்குத்தான் வரும். வெல்டு பக்கத்தில் 450 முதல் 850 டிகிரி வரை சூடேறும் பகுதியில் அதிக நேரம் நின்றால், உருக்கிலுள்ள கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு படிக எல்லையில் கார்பைடாக உட்கார்ந்துவிடும். அந்த ஓரத்தில் சட்டை தைக்கக் குரோமியம் மிஞ்சாது; வெல்டுக்கு இணையாக இரண்டு பக்கமும் துருக்கோடு வரும். மெல்லிய தகட்டில் வேகமாக முடித்தால் இது குறைவு. பெரிய வேலை என்றால் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் போகாத 304 எல் தகடு கேளுங்கள்.

அதைவிட அதிகம் நடப்பது வேறொன்று. ஆர்கான் வெல்டிங் அழகாக முடிந்ததும், பக்கத்தில் ஆங்கிள் அயர்னைத் தேய்த்துக்கொண்டிருந்த அதே இரும்புக் கம்பி பிரஷ்ஷால் எவர்சில்வரையும் தேய்த்துவிடுவது! கிரைண்டர் சக்கரமும் அப்படித்தான். இரும்பு தேய்த்த சக்கரம் எவர்சில்வரில் படக் கூடாது. இது மயிலாடிப் புள்ளியை நாமே கையால் நட்டு வைப்பது போல. வேலை முடிந்த பாத்திரம் சரியாக இருக்கிறதா என்று தெரிய ஒரு சுலபமான சோதனை உண்டு. நன்றாகக் கழுவி, தண்ணீரில் நனைத்துக் காயவிட்டு, திரும்ப நனைத்து, இப்படி நாலைந்து தரம் செய்து ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் இரும்பு ஒட்டியிருக்கிறது. எலுமிச்சை உப்புத் தண்ணீர் போட்டு எடுத்துவிட்டுத்தான் அடுப்படிக்கு அனுப்ப வேண்டும். காப்பர் சல்ஃபேட் சோதனை இன்னும் வேகம் என்று புத்தகத்தில் இருக்கும், ஆனால் சாப்பாட்டுப் பாத்திரத்தில் அதைச் செய்யக் கூடாது.

தொட்டி ஓட்டையை அடைக்க 308 எல் கம்பி வேண்டும். வெல்டு ஓரத்து நீல நிறத்தை எவர்சில்வர் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். அந்த பிரஷ்ஷின் கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட் அடித்து, தனி ஆணியில் மாட்டி, சாதா இரும்புக்கு யாரும் தொடக் கூடாது என்று ஷாப் சுவரில் எழுதிப் போடுங்கள்.